கண்டிப் பிரதானிகளின் இடைக்கத்தி

1681ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் அச்சேறிய நூலொன்று, இலங்கையின் பழைய வாழ்க்கை முறையை அறிய விரும்புவோர் இன்றும் முதலிற் புரட்டிப் பார்க்கும் நூலாக விளங்குகின்றது. அதனை எழுதியவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி. அவர் 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டியரசனுடைய நாட்டிற் காவலிலே காலங்கழித்து, 1679ஆம் ஆண்டிலே காடுகளினூடாக நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து உயிர் தப்பினார். சிறைப்பட்டவர் கண்களுக்கு வேலை அதிகம் போலும். கண்டி மக்கள் உண்டதையும் உடுத்ததையும் உழுததையும் அவர் ஒன்று விடாமல் எழுதி வைத்தார்.

பெருமக்களின் உடையைப் பற்றி அவர் கூறும் பகுதியில் ஒரு செய்தி உண்டு. வெள்ளை அல்லது நீலத் துணியாலான மேற்சட்டை, அரையிலே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய துணிகள், அவற்றின்மேல் இறுக்கிய கச்சை, பக்கத்திலே பித்தளையும் வெள்ளியும் பதித்த குறுவாள் ஆகியவற்றை வருணிக்கும் நொக்ஸ், இவற்றோடு மார்பருகே செருகிய ஒரு கத்தியையும் குறிப்பிடுகின்றார். அக்கத்தியின் பிடி சித்திர வேலை செய்யப்பட்டு வெள்ளி பதிக்கப்பட்டது என்பது அவர் கூற்று. குறுவாள் வேறு, கத்தி வேறு என்பதை அவர் தெளிவாகப் பிரித்தே சொல்லுகின்றார். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வாளையன்று, அந்தக் கத்தியையே.

வாளுக்குப் புகழ் எளிதிற் கிடைத்து விடுகின்றது. சிங்கமுகப் பிடியோடு கூடிய 'கஸ்தானை' வாளை அறியாதார் இல்லை. ஆனால் பிரதானிகளின் உடலோடு நாள் முழுவதும் ஒட்டி வாழ்ந்த சிறு கத்தியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சிங்களத்தில் அதற்குப் 'பிஹா கெத்த' என்று பெயர். 'பிஹிய' என்றாற் கத்தி. 'கெத்த' என்பது காடு வெட்டும் கனத்த கத்தி. இரண்டு பெயர்களும் சேர்ந்த பெயருக்கேற்ப, அதன் அலகும் சிறு கத்தியின் அளவும் காட்டுக்கத்தியின் கனமும் உடையதாயிருக்கும். அலகு பெரும்பாலும் ஒரு சாணுக்குட்பட்டது. ஒரு பக்கம் மாத்திரமே கூர். மறுபக்கமாகிய முதுகு தடித்தது. மடக்குவதற்கு இடமில்லாமற் பிடியோடு நிலையாகப் பொருந்தியிருப்பது.

அலகு பிடியிலிருந்து வெளிப்படும் இடத்திலேதான் கம்மியன் தன் கைத்திறனையெல்லாம் கொட்டினான். அவ்விடத்திலே இரும்பின்மேல் வெள்ளித் தகடோ பித்தளைத் தகடோ போர்த்து, 'லியவெல' எனப்படும் கொடிக்கோலம் செதுக்கப்பட்டிருக்கும். கொடி சுருண்டு சுருண்டு சென்று இலையாகவும் மொட்டாகவும் விரியும். சிற்சில கத்திகளிலே அக்கோலம் அலகின் முதுகு வழியாகவும் ஓடும். பிடிக்கு எருமைக் கொம்பும் யானைத் தந்தமும் மிகுதியாகப் பயன்பட்டன. உயர்ந்த கத்திகளுக்குப் பளிங்குக் கல்லிலும் பிடி கடைந்தார்கள். சில பிடிகள் முழுவதும் வெள்ளியே. பிடியின் நுனி பெரும்பாலும் வளைந்து, விரல்களினின்று நழுவாமல் உள்ளங்கையிலே தங்கும். அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும் அந்த வளைவு, கையிலெடுத்துப் பார்த்தவர்க்குப் பயன் கருதிச் செய்ததென்று உடனே விளங்கும்.

அடுத்து உறையைக் கவனிப்போம். இரண்டு மரத் துண்டுகளை உட்குடைந்து பொருத்தி, வாயிலும் நுனியிலும் வெள்ளி கட்டிய உறை அது. நன்றாகப் பேணப்பட்ட உறையொன்றைத் திருப்பிப் பார்த்தாற் கத்திக்குரிய வாயோடு மற்றுமொரு சிறு துளை தென்படும். அத்துளை எதற்கு? எழுத்தாணிக்கு! கத்தியும் எழுத்தாணியும் ஓருறையில் உறங்கின.

நேயர்களே, இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உறையிலே எழுத்தாணி வைத்துக்கொண்டு எவரும் போர்க்களம் புகுவதில்லை. கண்டிப் பிரதானி நிலவரி கணக்கிடுபவன், வழக்குக் கேட்பவன், யாருக்கு எந்த வயல், அந்த வயலுக்காக எந்த இராசகாரியம் என்று ஓலையிற் பதிவிப்பவன். 'லேகம் மிட்டி' என்று பெயர் பெற்ற நிலப்பதிவேடுகள் எல்லாம் ஓலையிலேயே எழுதப்பட்டன. தாளிப்பனையின் ஓலையை அளவாக நறுக்குதற்கும் விளிம்பு சீவுதற்கும் கத்தி வேண்டும். எழுதுதற்கு ஆணி வேண்டும். ஆகவே இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கியவன் தான் அதிகாரம் உடையவன் என்பதைச் சொல்லாமற் சொல்லி நின்றான். இக்கத்தியை வெறும் ஆயுதமென்று நூதனசாலைகளில் ஆயுத வரிசையிலே அடுக்கி விடுவது பாதி உண்மையைத்தான் காட்டும். வெற்றிலை பாக்குக்கும் அது உதவியது. வேண்டிய போது தற்காப்புக்கும் உதவியிருக்கும். ஆயினும் அதன் முதல் உறவு ஓலையோடுதான் என்பது என் கருத்து.

தமிழ் மக்களாகிய நமக்கு இந்த உறவு புதியதன்று. நம் முன்னோர் கையாண்ட மடக்கெழுத்தாணியிலே ஒரு முனையில் எழுத்தாணியும் மறு முனையில் ஓலை வாரும் சிறு கத்தியும் அமைந்திருந்தன. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பெட்டியும் பாயும் இழைக்கையில் ஓலை வாரக் கைக்கொள்ளும் சத்தகத்தையும் நினைத்துக் கொள்ளுங்கள். பனை ஏறுந் தொழிலாளி இடுப்பிலே கட்டும் கத்திக்கூட்டையும் அதிலுள்ள பாளைக்கத்தியையும் நினைத்துக் கொள்ளுங்கள். பனை வளரும் நாட்டிலே கத்தியின் வடிவத்தைப் பனையே தீர்மானிக்கின்றது. பிரதானியின் கத்திக்கு வெள்ளியும் தந்தமும் சேர்ந்தன, சத்தகத்துக்குச் சேரவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இனி, இக்கத்திகளைச் செய்தவர் யார் என்று பார்ப்போம். கண்டியரசின் அரண்மனையோடு சேர்ந்து 'பட்டல் ஹத்தர', அதாவது நான்கு பட்டறைகள் என்னும் அமைப்பு இருந்தது. பொன்வாள் செய்வோர், ஆபரணஞ் செய்வோர், சிங்காசனஞ் செய்வோர், முடி செய்வோர் என அவர்கள் வகுக்கப்பட்டிருந்தனர். இப்பட்டறைகளிலே சேர்ந்த கம்மியர்க்கு அரசன் நிலம் வழங்கினான். நிலத்தை உண்டு, அரசனுக்கு வேலை செய்து, அவ்வேலையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, அந்நிலத்தை அவர்களுக்கே விட்டுச் செல்வது வழக்கம். தலைசிறந்தோர் 'மூலாச்சாரி' என்னும் பட்டம் பெற்றனர். கண்டி மாளிகையின் எண்கோண மண்டபத்தோடு தேவேந்திர மூலாச்சாரி என்பவர் பெயர் இணைத்துப் பேசப்படுவதை நேயர்கள் கேட்டிருக்கலாம். பட்டத்தின் ஈற்றிலே நிற்கும் 'ஆச்சாரி' நம் ஊர்ப் பட்டறைகளிலும் வழங்குஞ் சொல்லேயாகும்.

அரசனுடைய கொல்லரின் நிலை எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதற்கு மீண்டும் நொக்ஸையே சான்றுக்கு அழைக்கலாம். அவர் எழுதிய பகுதி நகைச்சுவை நிரம்பியது. கொல்லனிடம் புதிய வேலை ஒன்று செய்விக்க விரும்புவோன் வெறுங்கையோடு போதல் கூடாது. அரிசியோ கோழியோ ஒரு போத்தல் சாராயமோ கொண்டு சென்று, பணிவோடு நின்று, எப்போது வரலாம் என்று கேட்டல் வேண்டும். கொல்லன் நாள் குறிப்பான். குறித்த நாளில் இரும்பும் கரியும் தானே சுமந்து வருதல் வேண்டும். கொல்லன் முக்காலியிலே கம்பீரமாக வீற்றிருப்பான். துருத்தி ஊதுவது வந்தவன் வேலை. பெருஞ்சம்மட்டி கொண்டு அடிப்பதும் வந்தவன் வேலையே! கொல்லன் இரும்பைப் பிடித்துக் கொண்டு, இடையிடையே தன் சிறு சுத்தியலால் உருவத்துக்குக் கொண்டு வருவான். அரத்தால் அராவ வேண்டியிருந்தால், முதலிற் கல்லிலே தேய்த்து வா என்று அதற்கும் வந்தவனையே அனுப்புவான். எல்லாம் ஆன பிறகு தான் அரத்தை எடுத்து முடித்துக் கொடுப்பான். பழுது பார்க்கும் வேலைக்கு அறுவடைக் காலத்திலே குடிகள் அளந்து கொடுக்கும் நெல் வேறு உண்டு. இக்காலத்துத் தொழிலாளர் எவர்க்கும் வாய்க்காத வசதி இது!

அவர்கள் அடித்த இரும்பும் இந்நாட்டிலேயே பிறந்தது. இலங்கை இரும்பின் புகழ் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத்தில் வாழ்ந்த அறிஞராகிய அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது, சரந்தீபத்து உருக்கால் ஆன வாள்களையும் வகைப்படுத்திக் கூறியுள்ளார். சரந்தீபம் என்பது அராபியர் நம் தீவுக்கு இட்ட பெயர். சமனலவெவப் பகுதியிலே மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளின் அடிப்பாகங்கள் அகழ்ந்து காணப்பட்டன. கில் ஜூலெப் என்னும் தொல்பொருள் ஆய்வாளர் அவ்வுலைகளைப் போல ஒன்றைத் திரும்பக் கட்டி, 1994ஆம் ஆண்டிலே காற்றின் வலியினாலேயே இரும்பு உருக்கிக் காட்டினார். அவரது ஆய்வு 1996ஆம் ஆண்டிலே 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளிவந்து உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தது. அக்காற்றுலைகள் கண்டியரசுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆயினும் இரும்பு உருக்கும் தொழில் மலைநாட்டிலே அற்றுப்போகாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

இத்தகைய கத்திகள் உரியவர் இடையை விட்டு நீங்கி, நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளிலும் அயல்நாட்டுச் செல்வர் மாளிகைகளிலும் சென்று தங்கியது எவ்வாறு? அதற்குப் பல வழிகள் உண்டு. கொள்ளை அவற்றில் ஒன்று.

கண்டியரசனாகிய கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தருக்கும் 1760ஆம் ஆண்டுகளிலே போர் மூண்டது. ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் 1765ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பெரும் படையோடு கண்டியுட் புகுந்தார். அரசன் முன்னரே நகரை விட்டு நீங்கியிருந்தான். அரண்மனை சூறையாடப்பட்டது. வான் எக் கொழும்புக்கு மீண்டு, அதே ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே இறந்தார். கண்டியைத் தொடர்ந்து பிடித்து வைத்திருக்க ஒல்லாந்தராலும் இயலவில்லை. 1766ஆம் ஆண்டிலே உடன்படிக்கை ஒன்று எழுதிப் போரை முடித்தார்கள். ஆனால் எடுத்த பொருள் எடுத்ததுதான். லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த, வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி ஒல்லாந்து சென்றது. வாள்களும் துப்பாக்கிகளும் சென்றன. பிரதானிகளின் வகையைச் சேர்ந்த கத்தியொன்றும் சென்றது.

பின்னர் 1815ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். அரச ஆபரணங்களிற் பல 1820ஆம் ஆண்டிலே இலண்டனில் ஏலத்திலே கூறி விற்கப்பட்டன. சிங்காசனமும் முடியும் வின்ட்சர் மாளிகையில் இருந்து 1934ஆம் ஆண்டிலே திரும்பி வந்தன. இவை பலரும் அறிந்த செய்திகள். கத்திகளின் கதை இத்துணைப் பெரிய நிகழ்ச்சிகளோடு சேராதது. அவற்றுட் பல, வறுமையுற்ற குடும்பங்களால் ஒவ்வொன்றாக விற்கப்பட்டும், வெள்ளைக்கார உத்தியோகத்தர்க்கு அன்பளிப்பாகச் சென்றும் நாட்டை விட்டு நீங்கின. கொள்ளை போனதற்குத் திகதி உண்டு. மெல்ல மெல்லக் கைமாறியதற்குத் திகதி இல்லை.

பட்டறைகளுக்கு நேர்ந்ததோ இன்னும் கொடிது. அரசன் இல்லை, ஆகவே பொன்வாள் செய்விப்பார் இல்லை. 1832ஆம் ஆண்டிலே இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலையினின்று குடிகள் விடுதலை பெற்றது நன்மையே. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலத்துக்கும் கைத்தொழிலுக்கும் இருந்த முடிச்சும் அதனோடு தளர்ந்தது. கப்பலில் வந்து குவிந்த மலிவான சீமைக் கத்தியோடு போட்டியிட உள்ளூர்க் கொல்லனால் முடியவில்லை. நல்ல கத்தி செய்யத் தெரிந்தவன் மண்வெட்டிக்குப் பூண் கட்டிப் பிழைத்தான்.

அக்காலத்திலே இவ்வழிவைக் கண்டு மனம் நொந்து, எஞ்சியதையேனும் எழுதி வைப்போம் என்று முன்வந்தவர் ஒரு தமிழரின் மைந்தர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைத்தான் குறிப்பிடுகின்றேன். சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வராகக் கொழும்பிலே 1877ஆம் ஆண்டிற் பிறந்தவர். தேசாதிபதி கிரெகரி கொழும்பு நூதனசாலையைத் திறந்து வைத்ததும் அதே ஆண்டிலேதான். தாயின் நாடாகிய இங்கிலாந்திலே வளர்ந்து, நிலநூல் கற்று, 1903ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிக்குத் தலைவராயிருந்தார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர், கல்லோடு கம்மியரையும் கண்டார். பலாங்கொடைப் பக்கத்துக் கிராமங்களிலே இரும்பு உருக்கவும் உருக்குச் செய்யவும் அறிந்திருந்த முதியவர்களைக் கொண்டு அத்தொழிலைச் செய்து காட்டச் செய்து குறிப்பெடுத்தார். அவருடைய துணைவியார் எதெல் படம் பிடித்தார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்று பொருள்படும் தலைப்புடைய அவரது பெருநூல் 1908ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் என்னும் கலைஞர் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலே, 425 பிரதிகள் மாத்திரம் அச்சிடப்பட்டது அந்நூல். நான்கு பட்டறைகளின் அமைப்பும் கத்திப்பிடிகளின் கோலங்களும் நிலக்கொடைச் சாசனங்களும் அதிலே இடம்பெற்றன. சிங்களக் கம்மியரின் கலையைப் பற்றி எவர் எழுதப் புகுந்தாலும் இன்றும் அந்நூலிலிருந்தே தொடங்குகின்றார்.

குமாரசுவாமி பொருளைக் கண்டபோது அதைச் செய்தவனைத் தேடினார். சேகரிப்போரிற் பெரும்பாலோர் பொருளோடு நின்று விடுகின்றனர். அமெரிக்கரான ஜோர்ஜ் கமரன் ஸ்ரோன் என்பவரை இங்கே எடுத்துக் காட்டலாம். உலோகத் தொழிலிற் பயிற்சி பெற்ற பொறியியலாளர் அவர். உலகத்து ஆயுதங்கள் அனைத்துக்கும் ஓர் அகராதி தொகுத்து 1934ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அதிலே பிஹா கெத்தவுக்கும் இடமுண்டு. மறு ஆண்டிலே அவர் இறந்தபோது, அவரது சேர்க்கையிலிருந்த ஆயுதங்கள் பல நியூயோர்க்கிலுள்ள பெருநகர் நூதனசாலைக்குச் சென்றன. கீழைநாட்டு ஆயுதங்களைப் பெயர் சொல்லி அறிந்து கொள்ள அந்த அகராதி பெருந்துணை செய்தது. அதனைக் குறைத்து மதிப்பிடல் நன்றன்று. எனினும் அகர வரிசையிலே அடங்கிய கத்திக்கு ஊர் இல்லை, உடையவன் இல்லை, எழுதிய ஓலையும் இல்லை. இந்நாட்டு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த தெரணியகல 1942ஆம் ஆண்டிலே சிங்கள ஆயுதங்களைப் பற்றி ஆசியச் சங்கத்து இதழில் எழுதிய கட்டுரை, அக்குறையை ஓரளவு நிரப்பியது.

சேகரிப்போர் ஒரு கத்தியை மதிப்பிடும் முறையும் அறியத் தக்கது. முதலில் அலகைப் பார்க்கின்றனர். பழைய கத்தியின் அலகு, உபயோகித்துச் சாணை பிடித்துப் பிடித்துச் சற்றே ஒடுங்கியிருக்கும். ஒருபோதும் கூராக்கப்படாத அலகும் மிகையான வெள்ளி வேலையும் சேர்ந்து வந்தால், அது பிற்காலத்திலே காட்சிக்கென்று செய்தது என்று ஐயுறுவர். அடுத்துக் கொடிக்கோலம். நல்ல காலத்துக் கம்மியன் செதுக்கிய கொடி ஒரே மூச்சில் ஓடும். பிற்காலத்ததிலே இலைகள் தனித்தனியே நிற்கும். மூன்றாவதாக உறையையும் எழுத்தாணியையும் தேடுகின்றனர். எழுத்தாணி தனியே கழன்று போகக்கூடிய சிறு பொருள். ஆதலால் உறையிருந்தும் ஆணியில்லாத கத்திகள் மிகப் பல. செய்தவன் பெயர் பெரும்பாலும் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஆகையால் ஏலப் பட்டியல்களிலே 'பதினெட்டாம் நூற்றாண்டு' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி விடுதல் தகாது. அந்த நூற்றாண்டு எழுதினால் விலை கூடும் என்பது விற்போர் அறிந்த இரகசியம். வீட்டிலே பழைய கத்தி வைத்திருப்போர் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கத் துலக்குவதும் கேடு. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது பொருந்தும். நுண்ணிய வெள்ளிச் செதுக்கலுக்குப் பொருந்தாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லி விடுகின்றேன். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருளையே தொல்பொருள் என்று வரையறுக்கின்றது. அது கண்டி உடன்படிக்கை எழுதப்பட்ட நாள். அந்நாளுக்கு முன் அடித்த கத்தியை உத்தரவுப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல இயலாது. மறுநாள் அடித்த கத்திக்கு அச்சட்டத்தின் காவல் இல்லை! அதே கொல்லன், அதே உலை, அதே வாரம். சட்டம் எங்கேனும் ஒரு கோடு கிழித்தே ஆகவேண்டும் என்பதை ஒப்புக் கொள்ளுகின்றேன். ஆயினும் செய்தவன் பெயரும் ஆண்டும் இல்லாத பொருளுக்கு அக்கோடு எவ்வளவு உதவும் என்பதை நேயர்களே சிந்திக்கலாம். தந்தப் பிடியுடைய கத்திக்கு வேறு தடையும் உண்டு. யானைத் தந்தத்தின் அனைத்துலக வியாபாரம் 1989ஆம் ஆண்டுத் தீர்மானத்தாலே தடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, கைப்பற்றப்பட்ட 359 தந்தங்கள் காலிமுகத்திடலிலே பகிரங்கமாக நசுக்கி அழிக்கப்பட்டதைப் பலரும் பார்த்தனர். யானையின் உயிருக்கு முன்னால் சேகரிப்போரின் குறை பெரிதன்று.

கத்தி இடையில் இருக்கும் வழக்கம் முற்றாக அழிந்து விட்டதா என்றால், இல்லை. கண்டி உடை தரித்து மணமேடைக்கு வரும் மாப்பிள்ளையின் கச்சையிலே இன்றும் கத்தி இடம்பெறுவதுண்டு. பெரஹராக் காலத்திலே நிலமேமாரின் உடையில் பழைய அணிவகைகள் உயிர் பெறுகின்றன. தென்னிந்தியாவிலே குடகு நாட்டாரிடம் இவ்வழக்கம் இதனினும் வலிது. அவர்கள் திருமணத்திலும் திருவிழாவிலும் கச்சையின் முன்புறத்திலே 'பீச்சக்கத்தி' என்னும் வெள்ளியுறைக் கத்தியைச் செருகுவர். ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்திலே ஆயுதங்களைத் துலக்கிப் பூசையறையில் வைத்துக் காந்தட்பூச் சூட்டி வணங்குவர். இங்கே கத்தி செய்வோர் தொகை அருகி விட்டது. கண்டிக்கு அணித்தாயுள்ள நத்தரம்பொத்தை முதலிய இடங்களிலே வெள்ளி, பித்தளை வேலை செய்யும் குடும்பங்கள் உள. அவர்கள் கை தாம்பாளத்துக்கும் விளக்குக்கும் பழகிய அளவு உருக்கு அலகுக்குப் பழகவில்லை. கேட்பார் இருந்தாலன்றோ பழகுவது!

முன்னர்க் கூறிய ஒல்லாந்தக் கொள்ளைக்கு ஒரு பிற்கதை உண்டு. வெளிநாடுகளிலுள்ள இலங்கைப் பொருள்களுக்கெல்லாம் பட்டியல் ஒன்று, பி. எச். டி. எச். டி சில்வா என்னும் நூதனசாலைப் பணிப்பாளரால் 1975ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது. கேட்பதற்கு முன் எது எங்கேயிருக்கின்றது என்று தெரிந்திருத்தல் வேண்டும் அல்லவா? பொருள்களைத் திருப்பித் தரும்படி இலங்கை கேட்டும் நெடுங்காலம் பயன் விளையவில்லை. பின்னர் நெதர்லாந்து நாட்டினரே தங்கள் நூதனசாலைப் பொருள்களின் வரலாற்றை ஆராயத் தலைப்பட்டனர். 2023ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, குடியேற்ற ஆட்சிக் காலத்திலே பெறப்பட்ட 478 பொருள்களை உரிய நாடுகளுக்குத் திருப்பித் தருவதென அவர்கள் முடிவு செய்தார்கள். அவற்றுள் 472 இந்தோனேசியாவுக்கு. அவற்றிலே பாலித் தீவின் குளுங்குங் அரசைச் சேர்ந்த 'கிரிஸ்' என்னும் குத்துவாளும் ஒன்று. எஞ்சிய ஆறும் நமக்கு. லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன்வாள், வெள்ளிவாள், சுவர்த்துப்பாக்கிகள் இரண்டு, ஆறாவதாக ஒரு சிங்களக் கத்தி. ஆகஸ்ட் மாதத்திலே கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆண்டு முடிவதற்குள் அவை அம்ஸ்ரடாம் நகரிலிருந்து கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

செய்தித்தாள்கள் பீரங்கியைப் படம் பிடித்துப் போட்டன. மாணிக்கம் பதித்த பொருளாயிற்றே! பொன்வாளுக்கும் படம் கிடைத்தது. கத்திக்குப் பட்டியலின் முடிவிலே ஒரு வரி கிடைத்தது. பீரங்கிக்கு அதனைக் கொடுத்தவன் பெயர் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. கத்திக்கோ உடையவன் பெயரும் இல்லை, அடித்தவன் பெயரும் இல்லை. கொழும்புக்குச் செல்லும் நேயர்கள் நூதனசாலைக்குள் நுழைந்தால், பீரங்கியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைச் சற்றே கடந்து சென்று அதனையும் பாருங்கள். அப்படியே அங்குள்ள மற்றைக் கத்திகளின் உறைகளையும் உற்றுப் பாருங்கள். வாயருகே எழுத்தாணிக்குரிய சிறு துளை இருக்கின்றதா, இருந்தால் ஆணி இன்னும் அதனுள் இருக்கின்றதா என்று பாருங்கள்.